சாயங்கால வகுப்பு, ஒரே ஒரு போன்: பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் வைக்க என்ன செய்யலாம்? (குமரி மாவட்டம்)

கரமடி எழுதியது:

வணக்கம் மக்களே. முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊரில் சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழு மணி வரை பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். 2021-இல் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராக வந்தவள். முதலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது, இப்போது ஊர்க்கமிட்டி கொடுத்த வலைப்பின்னும் கூடத்தில் நடக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை பதினெட்டுப் பேர் வருகிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் என் முன்னால் உட்காரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நாலைந்து பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். நாள் முழுக்கப் பள்ளியில் இருந்துவிட்டு வருகிறவர்களிடம் மறுபடியும் பாடப்புத்தகத்தை நீட்டினால் முகம் வாடிப்போகிறது. கதை, படம், ஒலிப்பதிவு, சின்ன வீடியோ என்று கையால் செய்கிற வேலை வழியாக வாசிப்பைக் கொண்டுவரலாமா என்று பார்க்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு டார்ச், ஒரு கரும்பலகை. நெட் சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. வெறும் பொழுதுபோக்காகப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ரப்பர்க்காடு எழுதியது:

அக்கா, நான் குலசேகரம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளை வைத்து இதே மாதிரி செய்துவருகிறேன்.

வீடியோ எடுப்பதால் வாசிப்பு வந்துவிடாது. பதிவு நன்றாக வரவேண்டும் என்று ஒரே பத்தியை ஏழெட்டுத் தடவை வாசிக்கிறார்களே, அதில்தான் வருகிறது. “இன்னொரு தடவை படி” என்றால் பிள்ளை அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளும். “இந்த இடம் சரியாக் கேக்கல, இன்னொரு டேக் போவோமா” என்றால் தானே முன்னால் வந்து நிற்கும். ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தடங்கல் குறையும், வேகம் கூடும் என்று அமெரிக்காவில் சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979-லேயே எழுதியிருக்கிறார். ஒலிப்பதிவு அந்தத் திரும்பப் படிப்பதற்கு ஒரு காரணம் கொடுக்கிறது, அவ்வளவுதான். காரணம் கிடைத்தால் பிள்ளை அலுக்காது.

எங்கள் வகுப்பில் ஒரு நாலாம் வகுப்புப் பையன், அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். அவன் எழுதியது ஐந்தே வரி. விடியும் முன்னே அப்பா தலையில் லைட் கட்டிக்கொண்டு கிளம்புவது, சிரட்டையில் பால் சொட்டுவது, மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, வீட்டில் அம்மா பேசாமல் இருப்பாள் என்பது. முதல் தடவை வாசித்தபோது கடைசி வரியை முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. பதிவைப் போட்டுக் கேட்டான். “சார், இங்க நிறுத்தணும்” என்று பென்சிலை வாங்கி அவனே காற்புள்ளி போட்டான். அடுத்த தடவை அந்த இடத்தில் நின்று மூச்சு எடுத்து வாசித்தான். ஒரு பிள்ளை காற்புள்ளியின் பயனை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

அதனால் முதலில் பேசவிடுங்கள், அப்புறம் எழுதவிடுங்கள், எழுதியதை வாசிக்கவிடுங்கள். போன் அதற்குப் பிறகு வரட்டும். கையில் எழுதிய தாள் இல்லாமல் யாரும் மைக் முன்னால் வரக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுவிடுங்கள்.

மண்டைக்காட்டு அம்மா எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என் மகள் ஆறாம் வகுப்பு. கொரோனா காலத்தில் ஆன்லைன் கிளாஸ் என்று சொல்லித்தான் போன் அவள் கைக்கு வந்தது, இன்றைக்கு வரை கையை விட்டு இறங்கவில்லை. சாயங்கால வகுப்பாவது போன் இல்லாத இடமாக இருக்கட்டும் என்றுதான் அனுப்புகிறோம். அங்கேயும் வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு ரீல்ஸ் போடப்போகிறேன் என்று நிற்பாள். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்குப் போன் எதற்கு? நாங்களெல்லாம் அது இல்லாமல்தானே படித்தோம்?

ரப்பர்க்காடு எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. எங்கள் இடத்தில் போன் பிள்ளை கைக்குப் போவதில்லை. ஒரு ஸ்டூல் மேல் செங்கல்லில் சாய்த்து வைத்திருப்போம், பதிவு முடிந்ததும் பைக்குள் போய்விடும். ஒன்றரை மணி நேரத்தில் அது வெளியே இருப்பது அதிகம் போனால் இருபது நிமிடம். மீதி நேரமெல்லாம் பென்சில், கத்தரிக்கோல், பசை. வீட்டில் பிள்ளை போனில் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இங்கே ஒரு நிமிட ஒலிக்காக ஒரு வாரம் எழுதித் திருத்துகிறது. ஒரு நாள் வந்து கூட உட்கார்ந்து பாருங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் அதையும் இங்கே எழுதுங்கள்.

நூலக வாசல் எழுதியது:

தக்கலை பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். போனைத் தொடும் முன்னால் ஒரு மாதம் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் செய்யுங்கள் என்பேன். மண்டைக்காட்டு அம்மாவுக்கும் இது பிடிக்கும்.

ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் ஒரு மடிப்பு, அகலவாக்கில் மூன்று மடிப்பு மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் வரும். நீளமான நடு மடிப்பில், நடுவே இருக்கிற இரண்டு கட்டத்தின் நீளத்துக்கு மட்டும் கத்தரியால் நறுக்க வேண்டும். அப்புறம் நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கப் புத்தகம் நிற்கும். பசையும் வேண்டாம், பின்னும் வேண்டாம். எழுத்தும் படமும் தாளின் ஒரே பக்கத்தில் இருப்பதால், பிரித்து ஒரு ஜெராக்ஸ் எடுத்தால் இன்னொரு புத்தகம் தயார். பதினெட்டுப் பிள்ளை எழுதிய பதினெட்டுப் புத்தகத்தையும் ஒவ்வொருவருக்கும் ஒரு செட் என்று கொடுத்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்ன அலமாரி உண்டாகிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதியதைப் பிள்ளைகள் எவ்வளவு ஆர்வமாகப் படிக்கிறார்கள் என்று நீங்களே பார்ப்பீர்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

இது புதிய யோசனையும் இல்லை. பிரான்ஸில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியர் 1920-களில் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தையே கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் சொன்ன கதையைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்து, வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதிலுக்கு அவர்கள் அச்சடித்தது வந்தது. முகம் தெரியாத யாரோ படிக்கப்போகிறார்கள் என்றால் எழுத்துப் பிழையைப் பிள்ளை தானாகவே தேடும். கரமடி அக்கா ஊரும் குலசேகரமும் இப்படி மாற்றிக்கொள்ளலாமே. கடற்கரைப் பிள்ளைக்குப் பால் வெட்டு தெரியாது, மலையோரப் பிள்ளைக்குக் கரமடி வலை இழுப்பது தெரியாது. நடுவில் எங்கள் நூலகத்தில் வைத்து வாங்கிக் கொடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுசீந்திரத்தான் எழுதியது:

இவ்வளவு பேசுகிறோம், நம் ஊர்ச் சொத்து ஒன்றை யாரும் சொல்லவில்லையே. ஒளி, ஒலி, கதை, பாட்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கலை குமரி மாவட்டத்திலேயே இருக்கிறது: தோல்பாவைக் கூத்து. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் ராமாயணம் நடத்திவருகிறார்கள். ஆட்டுத்தோலில் வெட்டிச் சாயம் பூசிய பாவை, வெள்ளைத் திரை, பின்னால் விளக்கு. ராமன், சீதை, ராவணன் எல்லாருக்கும் ஒரே ஆள்தான் குரல் கொடுப்பார். இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பார்கள். நாகர்கோவில்காரரான அ. கா. பெருமாள் இந்தக் கலையைப் பற்றி விரிவாக ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்.

விடுமுறையில் பிள்ளைகளோடு இதை அட்டையில் செய்தேன். எப்படி என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் காரியம் கெடும்.

பாவைக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை சரியான கனம். நோட்டு அட்டை தடிமனாக இருக்கும், சின்னக் கையால் நறுக்க முடியாது. உருவத்தைப் பக்கவாட்டில் வரையச் சொல்லுங்கள். நேர்முகமாக வரைந்தால் நிழலில் வெறும் வட்டம்தான் தெரியும், பக்கவாட்டில் வரைந்தால் மூக்கும் உதடும் எடுப்பாக விழும். கண்ணுக்கு ஒரு ஓட்டை, நகைக்கு வரிசையாகச் சின்ன ஓட்டைகள். தோளில் தனி அட்டையாக ஒரு கை வைத்து நூல் முடிச்சால் இணைத்தால் அசையும். பிடிப்பதற்குத் துடைப்பத்து ஈர்க்கில் மெலிதாக இருக்கும், இரண்டைச் சேர்த்துக் கட்டுங்கள். ஓட்டைக்குப் பின்னால் கலர் கண்ணாடித்தாள் ஒட்டினால் வண்ணம் விழும்.

திரைக்கு ஒற்றை வேட்டி, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். டியூப்லைட் உதவாது, நிழல் கலங்கிப்போகும். ஒற்றை பல்பு டார்ச் வேண்டும். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் கோடு தெளிவாக இருக்கும். டார்ச் பக்கமாக நகர்த்தினால் உருவம் பெரிதாகி ஓரம் மங்கும். அரக்கன் வரும்போது பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்து விளையாட ஆரம்பித்துவிடுவார்கள்.

வாசிப்புக்கு வருகிறேன். திரைக்குப் பின்னால் நிற்கிறவனை யாரும் பார்க்கவில்லை. திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. எங்கள் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், திரைக்குப் பின்னால் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆமைக்கும் முயலுக்கும் தனித்தனிக் குரலில் வாசித்தாள். குரலை மாற்ற வேண்டுமென்றால் யார் பேசுகிற வரி இது என்று முதலில் புரிய வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆமை, முயல் என்று அவளே எழுதிவைத்துக்கொண்டாள். வாசித்துப் பொருள் புரிந்ததா என்று தனியாகக் கேள்வி கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

இதுவே கூச்சமாக இருக்கிற பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டு. ஒருவர் ஒரு வரி வாசிக்க, மற்றவர்கள் “ஆமா” போட்டுக் கடைசிச் சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டும். வில், உடுக்கை கிடைக்காவிட்டாலும் ஒரு குடமும் இரண்டு கட்டையும் ஜால்ராவும் போதும். தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் நின்று எழுத்துக்கூட்ட மாட்டார்கள், கூட்டத்தோடு சேர்ந்து போய்விடுவார்கள்.

கொல்லங்கோடு ஆள் எழுதியது:

எங்கள் பக்கத்து நிலைமை கொஞ்சம் வேறு. பிள்ளைகள் பேசுவதில் பாதி மலையாளம் கலந்திருக்கும், வீட்டில் டிவியும் அப்படித்தான். எழுதச் சொன்னால், பேசுவதை எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். கதையில் வருகிறவர்கள் பேசுவது அவரவர் வீட்டில் பேசுகிற மாதிரி அப்படியே இருக்கலாம். கதை சொல்லுகிறவர் பாடப்புத்தகத் தமிழில் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே பிள்ளை எழுதும்போது இரண்டும் தனித்தனி என்று கைக்கே தெரிந்துவிடுகிறது. ஊர்ப்பேச்சைத் திருத்தித் திருத்தியே பல பிள்ளைகளை எழுதவிடாமல் செய்துவிட்டார்கள் என்பது என் கருத்து.

இன்னொன்று. யாருக்காகப் பதிவு செய்கிறோம் என்பது முக்கியம். தூத்தூர், வள்ளவிளை பக்கம் அப்பாக்கள் தங்கல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை காண மாட்டார்கள். கொச்சி துறைமுகத்தில் படகு அணைந்ததும் முதலில் போனைத்தான் பார்ப்பார்கள். மூன்று நிமிடத்துக்கு மிகாமல் அப்பாவுக்கு ஒரு ஒலிக் கடிதம் என்று செய்ய வைத்தோம். எழுதித்தான் வாசிக்க வேண்டும். “அப்பா நல்லா இருக்கியளா” என்று தொடங்கி அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்ற பிள்ளைகளிடம், இந்த வாரம் வீட்டில் உடைந்தது என்ன, புதிதாக வந்தது என்ன, யாருக்கு யாரோடு சண்டை என்று கேட்டோம். பக்கம் பக்கமாக வந்தது. ஒரு அப்பா பதில் அனுப்பினார், கடலில் டால்பின் கூட வந்த கதை. அதைப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்கினார்கள். நிறுத்தி நிறுத்தி எழுத வேண்டியிருந்ததால் அது நல்ல டிக்டேஷனாகவும் ஆகிவிட்டது.

கரமடி எழுதியது:

அண்ணா, இதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரிலும் பாதி வீட்டில் அப்பா கரையில் இல்லை. நாளைக்கே தொடங்குகிறேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, கூடம் கடலைப் பார்த்து இருக்கிறது, பதிவு செய்தால் காற்றுதான் பேசுகிறது. இரண்டு, பெரிய பிள்ளைகள் பாட்டிகளிடம் சுனாமி பற்றிக் கேட்டுப் பதிவு செய்யலாமா என்கிறார்கள். 2004 டிசம்பர் 26-இல் இவர்கள் யாரும் பிறக்கவில்லை, கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். ஒக்கிப் புயலில் ஆள் திரும்பாத வீடும் எங்கள் தெருவில் உண்டு. கேட்கவிடுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ரப்பர்க்காடு எழுதியது:

காற்றுக்கு வழி இருக்கிறது. போனின் அடிப்பக்கத்து மைக் மேல் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. நேராக ஊதாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பேசச் சொல்லுங்கள், ப வரும் இடத்தில் ‘புஃப்’ என்று அடிக்காது. அதிலும் அடங்காவிட்டால் ஒரு வீட்டு அறையில் போர்வைகளைத் தொங்கவிட்டு நடுவில் உட்கார வையுங்கள். வெறும் டைல்ஸ் அறை எதிரொலிக்கும். பதிவுக்கு முன் ஏரோபிளேன் மோடு போட மறக்காதீர்கள், நல்ல டேக் நடுவில்தான் கால் வரும். கடல் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொண்டால், அப்புறம் கணினியில் ஆடாசிட்டி மாதிரி இலவச ஒலி மென்பொருளில் குரலுக்கு அடியில் மெதுவாக ஓடவிடலாம்.

இரண்டாவது கேள்விக்கு மற்றவர்கள் சொல்லட்டும்.

நூலக வாசல் எழுதியது:

அதை முதல் வேலையாக எடுக்காதீர்கள் அக்கா. பாட்டிகளிடம் முதலில் சின்ன வயது விளையாட்டு, பழைய மீன் குழம்பு, கட்டுமரக் காலம், கல்யாணத்தில் பாடிய பாட்டு என்று கேட்கவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கவும், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கவும் பழக்கம் வரும். கேள்வியை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகட்டும். ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்வி எதையும் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லுங்கள்.

சுனாமியையோ ஒக்கியையோ பாட்டி தானாக எடுத்தால் கேட்கட்டும். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பாட்டி நிறுத்தச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்தி, அவர் கண் முன்னால் அழித்துவிட வேண்டும். ஆள் இழந்த வீட்டுப் பிள்ளையை அந்த வேலைக்கு நீங்களாக அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளையே எழுத விரும்பி வந்தால் எழுதட்டும், ஆனால் அதைக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்ல வேண்டாம். டீச்சர் மார்க் போடுவாரா என்ற கவலையில்லாமல் எழுத ஒரு இடம் பிள்ளைக்கு இருக்கட்டும்.

வளைகுடா வாசி எழுதியது:

கடியபட்டணம்தான் நமக்கு, இப்போது குவைத்தில். நண்பர்கள் சேர்ந்து பத்து டேப்லெட் வாங்கித்தரத் தயார். 1993-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கணினி அருங்காட்சியகத்தில் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள் கணினியில் தாங்களே ஏதாவது செய்து பழகுவதற்கென்றே கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். அப்புறம் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் ஊரிலும் அப்படி ஒன்று வந்தால் என்ன?

ரப்பர்க்காடு எழுதியது:

நல்ல மனசு அண்ணா. ஆனால் பத்து டேப்லெட் வந்தால் பத்துத் தலையும் பத்துத் திசையில் குனிந்துவிடும். ஒரு பள்ளியில் நன்கொடையாக வந்த கணினிகள் கெட்டுப்போகும் என்று பயந்து பூட்டிவைத்த அறையையும் பார்த்திருக்கிறேன். கிளப்ஹவுஸிலும் பிள்ளைகளோடு கூட உட்கார்ந்து வேலை செய்த பெரியவர்கள்தான் முக்கியம். ஒரு பழைய லேப்டாப், ஒரு நல்ல மைக், ஒரு ட்ரைபாட், ஜெராக்ஸ் செலவுக்கு மாதாமாதம் ஒரு சின்னத் தொகை, இது போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச், பிள்ளைகள் கட்டங்களை அடுக்கிக் கணினி நிரல் செய்கிற மென்பொருள், இலவசம்தான். லேப்டாப்பில் ஒரு தடவை நிறுவிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் குட்டிப் புத்தகத்தையே அதில் அசையும் கதையாகச் செய்யலாம்.

ட்ரைபாட் கேட்டது ஸ்டாப் மோஷனுக்கு. களிமண் மீனைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம். நொடிக்கு எட்டுப் படம் வைத்தால் இருபது நொடிக்கு 160 படம். பிள்ளைகளுக்கு அதற்கு மேல் பொறுமை இருக்காது, அதுவே தாராளம். சாயங்கால வெயிலில் எடுக்காதீர்கள், வெளிச்சம் குறைந்துகொண்டே போவதால் படம் மின்னும். ஜன்னலைச் சாத்திவிட்டு லைட் போட்டு எடுங்கள். எடுக்கும் முன் ஆறு கட்டத்தில் கதையை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வாக்கியம் எழுதியாக வேண்டும்.

மண்டைக்காட்டு அம்மா எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். ரப்பர்க்காடு சார் சொன்ன மாதிரி இருபது நிமிடம் என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் செய்ததை எங்கே போடுவீர்கள்? யூடியூபிலும் ஸ்டேட்டஸிலும் என் மகள் முகம் வரக் கூடாது.

சுசீந்திரத்தான் எழுதியது:

வரக் கூடாதுதான் அம்மா. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நமக்கு அந்த மரியாதை வேண்டும். பாவையும் களிமண்ணும் வரைபடமும்தான் படத்தில் வரும், முகம் தேவையே இல்லை. பெயருக்குப் பதில் பிள்ளையே ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும். மாதக் கடைசியில் கூடத்திலேயே வேட்டியைக் கட்டி ஊரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கரமடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெற்றோர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் பதிவைத் தொடுவேன். இந்த மாதம் குட்டிப் புத்தகம் மட்டும். முதல் தலைப்பு ‘எங்கள் வீட்டில் இந்த வாரம்’. அப்பாவுக்கு ஒலிக் கடிதம் அதிலிருந்தே எழுதிக்கொள்ளலாம். அரையாண்டு விடுமுறையில் பாவை. நூலக வாசல் அண்ணா, முதல் செட்டை எந்தக் கிழமை கொண்டுவந்தால் தோதாக இருக்கும்? ரப்பர்க்காடு தம்பி, உங்கள் பிள்ளைகள் எந்த எந்த வகுப்பு என்று சொன்னால் இங்கே ஜோடி சேர்த்துவிடுவேன்.

ரப்பர்க்காடு எழுதியது:

மூன்றில் ஐந்து பேர், நாலில் நாலு பேர், ஐந்தில் ஆறு பேர். ஒரே ஒரு வேண்டுகோள் அக்கா: கரமடி எப்படி இழுப்பார்கள் என்று யாராவது படத்தோடு எழுதி அனுப்பட்டும். இங்கே பசங்கள் இன்றைக்கே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நூலக வாசல் எழுதியது:

புதன்கிழமை மதியத்துக்கு மேல் கொண்டுவாருங்கள், அப்போதுதான் கூட்டம் இருக்காது. பேருந்து ஏற முடியாவிட்டால் சொல்லுங்கள், குளச்சல் வரை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.